மின்னல் ஒண்ணு, ஆளு ரெண்டு

கேள்வி: சூப்பர்ஹீரோ படம்னாலே எனக்கு அலர்ஜி சார், ஆனா 'மின்னல் முரளி' பாத்து அசந்துட்டேன். உங்களுக்கு எப்படி?
- வாசகர், கம்பம்

பதில்: சேம் பிளட்! 2021 கிறிஸ்துமஸுக்கு நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தப்போ, மலையாளத்துல சூப்பர்ஹீரோவா, என்னத்த கிழிச்சிடப் போறாங்கன்னுதான் உக்காந்தேன். தையக்காரரா வர்ற டொவினோ தாமஸுக்கு மின்னல் அடிச்சு பவர் வருது, சரின்னு பாத்தா டீக்கடையில வேலை செய்யுற ஷிபுவுக்கும் அதே பவர், இங்கதான் டைரக்டர் பாசில் ஜோசப் நம்மள மடக்கிட்டாரு. இத்தன வருஷமா மனசுல வெச்சிருந்த உஷாகிட்ட ஷிபு அழுகையும் சிரிப்புமா பேசுற சீன், அதுல ஷிபுவா வர்ற நம்ம 'ஜோக்கர்' பட ஹீரோ குரு சோமசுந்தரம் மூஞ்சியப் பாத்தீங்களா, வில்லன்னே மறந்துபோச்சு சார் (ஹீரோ கோச்சுக்கக் கூடாது). கிளைமாக்ஸ் ஃபைட்தான் கொஞ்சம் இழுவை.