யாருக்குப் பதில் சொல்லும் படிப்பு?

கேள்வி: பூர்வகுடி மக்களின் பண்பாட்டை ஆராய மானிடவியல் துறை நூறாண்டுக்கும் மேலாக இருக்கும்போது, பல்கலைக்கழகங்களில் ‘பூர்வகுடி ஆய்வுகள்’ என்று தனித்துறை எதற்கு? இது அரசியல் சலுகைதானே?

பதில்: சலுகை என்று சொல்வதற்கு முன் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் ஹவாசுப்பாய் மக்கள், தங்களைப் பீடித்திருந்த நீரிழிவு நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பி, 1990 தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு நோய் குறித்தும், உறவுக்குள் நடக்கும் மணங்கள் குறித்தும், தங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது குறித்தும் ஆராயப் பயன்பட்டதை 2003இல்தான் அவர்கள் அறிந்தார்கள். அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று தங்களைக் கருதும் மக்களுக்கு இது எத்தகைய அவமதிப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒப்புதல் படிவம் பரந்த ஆய்வுக்கும் இடம் தந்தது என்று ஆய்வாளர் தரப்பு வாதிட்டது. 2010இல் 7 லட்சம் டாலருடனும் இரத்த மாதிரிகளைத் திருப்பித் தரும் ஏற்பாட்டுடனும் வழக்கு சமரசமானது.

அது இரத்தத்தை ஆராய்ந்த மரபணு ஆய்வாளர்களின் தவறு, மானிடவியலாரைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். கல்லறைகளிலிருந்து எடுத்துச் சென்ற எலும்புகளையும் புதைபொருள்களையும் உரிய மக்களிடம் திருப்பிக் கொடுக்க வைக்க, அமெரிக்காவில் 1990இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அவற்றைச் சேர்த்து வைத்திருந்தவர்களில் மானிடவியலாரும் உண்டு.

ஆகவே தனித்துறையின் நோக்கம், ஆராயப்படுபவர்களே கேள்வியை வகுப்பதும், கிடைத்த விவரம் யார் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும்தான். அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் 1968இல் தங்களுக்கெனக் கல்லூரி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகம் பூர்வகுடி ஆய்வுகளுக்கென ஒரு பாடத்திட்டத்தை ஏற்படுத்தியது. வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களுக்கான உயர்கல்வி நிறுவனம் நார்வேயில் 1989இல் அமைந்தது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்களோ 2017இல் ஆய்வாளர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். சலுகை பெற்றவர்கள் செய்கிற வேலையா இது?

ஆனால் இந்தப் பெயரில் நடப்பதெல்லாம் தரமானது என்று நான் வாதாட வரவில்லை. கனடாவின் வின்னிபெக், லேக்ஹெட் பல்கலைக்கழகங்கள் 2016இல் பூர்வகுடிப் பாடத்தை இளநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கின. நல்ல முடிவுதான், எனினும் கட்டாயம் என்று அறிவிப்பது எளிது, அதைக் கற்பிக்கத் தகுந்தவர்களைச் சேர்ப்பதுதான் கடினம். சடங்கையும் ஆடலையும் காட்டிவிட்டு, நில உரிமையையும் அரசுடன் அம்மக்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் தொடாமல் போகும் வகுப்பை நீங்கள் கேலி செய்தால் நானும் சேர்ந்துகொள்வேன்.

வேறு சமூகத்தில் பிறந்தவரும் இதைத் தாராளமாகப் படிக்கலாம். அதற்கு முன், பூர்வகுடி மக்களில் எத்தனை பேர் அங்கே நிரந்தர ஆசிரியர்கள், அவர்களின் மொழி கற்பிக்கப்படுகிறதா, களஆய்வுக்குப் பல்கலைக்கழக நெறிக்குழுவின் கையெழுத்து மட்டும் போதுமா, சமூகத்தின் இசைவும் வேண்டுமா என்பதைத் துறைத் தலைவரிடம் நேரடியாகவே கேட்டுவிட வேண்டும்.