லென்ஸ்டர் மாளிகையின் பட்டக்காரர்கள்

கேள்வி: நம் சிங்கப்பூரின் கோல்மன் தெருவுக்குப் பெயர் தந்த கட்டடக் கலைஞர் அயர்லாந்துக்காரர் என்பது தெரியும். அந்நாட்டின் நாடாளுமன்றம் கூடும் லென்ஸ்டர் மாளிகை, ஒரு பிரபுக் குடும்பத்தின் வீடாக இருந்ததா?
– வாசகி, ஈசூன்

பதில்: ஆம், அது ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தாரின் மாளிகை. 1316இல் கில்டேர் ஏர்ல் என்னும் பிரபுப் பட்டம் பெற்ற இக்குடும்பம், பத்தாம் ஏர்லான 'பட்டுத் தாமஸ்' 1534இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததால் அதை இழந்தது. 1537இல் அவரும் அவருடைய சிற்றப்பன்மார் ஐவரும் லண்டனில் ஒரே நாளில் தூக்கிலேற்றப்பட்டதைப் படிக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பின்னர் மீட்கப்பட்ட பட்டம், 1766இல் லென்ஸ்டர் டியூக் என உயர்ந்தது. 1740களில் எழுந்த மாளிகையும் அப்பெயரை ஏற்றது.

குழந்தையாயிருந்த முதல் ஏர்லைத் தீயிலிருந்து ஒரு குரங்கு தூக்கிக் காப்பாற்றியதாம். இடுப்பில் சங்கிலி பூண்ட அந்தக் குரங்கை அவர்களின் குலச் சின்னத்தில் காணலாம்.