ராணுவ ரிசர்வ் படைப் பயிற்சியில் எலும்பு, மூட்டுக் காயங்கள்: கேள்வி பதில்

கே: வருடம் முழுக்க நாற்காலி வேலை. முகாமில் மூன்றாவது வாரம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. மூச்சுகூட வாங்கவில்லை, கால் மட்டும் ஏன்?

ப: மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு அப்படியில்லை. திடீரென்று சுமை கூடினால் அது முதலில் பழைய பகுதியை அரித்தெடுக்கும், அப்புறம்தான் புதிதாக நிரப்பும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில். விரலால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது முன்னெலும்பை ஒட்டிய தசையிலும் உறையிலும் வரும் நோவு. ஒரே புள்ளியில் சுரீரென்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

கே: பாதம் வலித்து ஒரு வாரம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. திரும்பிப் போகலாமா?

ப: கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் முன்பே காட்டிவிடும்.

கே: மூட்டை தூக்கியதில் கை மரத்துப்போகிறது.

ப: மூட்டையின் தோள்வார் நரம்பை அழுத்தியிருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: நான் பயிற்சி கொடுப்பவன். வலியோடு நடந்தால்தான் எலும்பு உறுதிப்படும். பாதிப் பேர் நடிக்கிறார்கள்.

ப: சுமைதான் எலும்பை உறுதியாக்குகிறது, அதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் இடையில் ஓய்வு வேண்டும். நடிப்பு என்கிறீர்களே, 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய (பழைய ஜெர்மானிய அரசு) ராணுவ மருத்துவர், நெடுநடைக்குப் பிறகு வீரர்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். காரணம் தெரியவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897இல்தான் அது எலும்பு முறிவு என்று உறுதியானது. நாற்பது வருடம் அந்தக் கால்கள் பொய் சொல்லவில்லை!

கே: கணுக்கால் பிசகிவிட்டது. சுளுக்கா, முறிவா?

ப: நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டியின் பின்விளிம்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள்.

கே: எக்ஸ்ரே நார்மல், ஆனால் வலி...

ப: மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள். மாத்திரையும் வேண்டாம்.

கே: மறுபடி பயிற்சி கொடுப்பவன்தான். எல்லாரையும் உட்கார வைத்துவிட்டால் பயிற்சி எதற்கு? என் ஆள் ஒருவன் கவட்டையில் வலி என்று நொண்டுகிறான், அவனையும் விட்டுவிடவா?

ப: வாதம் இருக்கட்டும். அவரை இன்னும் ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். அது தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கலாம். விலகிவிட்டால் எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்றுபோய், இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டி வரலாம். வண்டியில் ஏற்றி இப்போதே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், எக்ஸ்ரே நார்மல் என்றாலும் எம்ஆர்ஐ கேளுங்கள்.