கோல்ஃபில் டிரைவரால், அதாவது தொலைதூரம் அடிக்கும் மட்டையால், அடிக்கும்போதெல்லாம் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. பயிற்சியாளர் இல்லாமல் ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சைத் திருத்த முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்த வளைவுக்கு ஸ்லைஸ் என்று பெயர். பலர் உடனே தோளையும் இடுப்பையும் திருத்தப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் பிடியைக் கவனியுங்கள்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தில் படும் பரப்புதான் தீர்மானிக்கிறது. கிளப் வரும் பாதையைவிட அந்த முகம் வலப்புறம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். முகம் திறக்கப் பிடியே முக்கியக் காரணம். கிளப்பைப் பிடித்து நின்று குனிந்து பாருங்கள்: இடக்கை விரல்களின் மேல்கணுக்கள் இரண்டோ மூன்றோ தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கிளப் உள்ளங்கையின் நடுவில் அல்ல, விரல்களின் அடிப்பகுதியில் படிய வேண்டும். ஆரம்பத்தில் அந்நியமாக இருக்கும். தயவுசெய்து பழைய பிடிக்குத் திரும்பாதீர்கள்.

அப்புறம் பாதை. கீழே வரும்போது தோள் முந்திக்கொண்டால் கிளப் பந்துக்கு அப்பாலிருந்து உங்கள் பக்கமாகக் குறுக்காக வரும். பந்துக்கு ஒரு அடி பின்னால் (இலக்குக்கு எதிர்த்திசையில்), பந்துக்கு அப்பால் சற்றுத் தள்ளி, கிளப்பின் தலைக்கு மாட்டும் உறையை வையுங்கள். குறுக்காக வந்தால் உறையில் தட்டும். ஏழாம் எண் அயர்னால் (நடுத்தர தூரத்துக்கான மட்டையால்), பாதி ஸ்விங்கில், மெதுவாகப் பழகுங்கள்.

வளைவை ஈடுகட்ட இடப்பக்கம் திரும்பி நிற்காதீர்கள். பாதை இன்னும் குறுக்காகி, ஸ்லைஸ் கூடத்தான் செய்யும்.