நினைவகம் குறையும்போது உறையும் கோப்பு முறைமை

தக்கலையிலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு வணக்கம். லினக்ஸுக்காக நீங்கள் உருவாக்கிய கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் நிரல்), நினைவகம் குறையும்போது மட்டும் உறைந்து, 120 வினாடி கழித்து ஒரு பணி நகராமல் சிக்கிக் கிடப்பதைச் சொல்லும் 'ஹங் டாஸ்க்' எச்சரிக்கை தருவதாகக் கூறியுள்ளீர்கள். ஐநோடு (ஒரு கோப்பின் விவரப் பதிவு) பூட்டைப் பிடித்தபடியே, வழக்கமான நினைவகக் கோரிக்கைக்கான ஜிஎஃப்பி_கெர்னல் கொடியுடன் நினைவகம் கேட்டால், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இடத்தை மீட்பதற்காக உங்கள் நிரலுக்குள்ளேயே மீண்டும் நுழைந்து, அதே பூட்டுக்காகக் காத்துக் கிடக்கக்கூடும்; நாகர்கோவிலில் நானும் இதே குழியில் இரண்டு இரவுகளை இழந்தேன். இருந்தாலும் என் ஊகத்தை நம்பாமல், 2006இல் லினக்ஸ் 2.6.18இல் சேர்ந்த லாக்டெப் (பூட்டுகள் பிடிக்கப்படும் வரிசையைச் சரிபார்க்கும் கருவி) இயங்கும்படி, 'ப்ரூவ் லாக்கிங்' தெரிவுடன் கெர்னலைத் தொகுத்துப் பாருங்கள். நிரல் உறையாத ஓட்டத்திலும், கடந்து சென்ற பாதைகளில் உள்ள பூட்டு வரிசைப் பிழையை அது காட்டிவிடும். உறுதியானால், பூட்டுப் பிடித்திருக்கும் பகுதியை மெம்அலாக்_நோஎஃப்எஸ்_சேவ், மெம்அலாக்_நோஎஃப்எஸ்_ரீஸ்டோர் அழைப்புகளுக்கு இடையில் வையுங்கள்; அங்கே நினைவகம் கேட்டால், கெர்னல் கோப்பு முறைமைக்குள் மீண்டும் நுழையாது. பிழை காட்டித் திரும்பும் பாதைகளிலும் ரீஸ்டோர் இருக்க வேண்டும்.