இரண்டு எஃப்.எம்.ஜி.சி.யும் போய்விட்டால் திருச்சிக்கு எப்படி வருவது?

கேள்வி: காரைக்குடிக்காரன் நான். ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) பயிற்சியில் இருக்கிறேன். சிங்கப்பூர் – திருச்சி வழியில், வங்கக்கடல் மேல் இரண்டு எஃப்.எம்.ஜி.சி.யும் (வழியைக் கணக்கிட்டு விமானத்தை நடத்தும் கம்ப்யூட்டர்கள்) செயலிழப்பதாக ஒரு சிமுலேட்டர் பாடம் வருகிறது. திரையில் வழியைக் காட்டும் மேப் போன பிறகு எதைப் பிடித்துக்கொண்டு பறப்பது?

பதில்: மேப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரில் கை வையுங்கள். இந்த இரண்டும் போனால் ஆட்டோபைலட், ஃப்ளைட் டைரக்டர் (எப்படி ஓட்டுவது என்று திரையில் காட்டும் கோடுகள்), ஆட்டோத்ரஸ்ட் (விசையைத் தானாகச் சரிசெய்வது) மூன்றும் கூடவே போகும். லீவர் கிளைம்ப் நிலையில் இருக்கும்போது ஆட்டோத்ரஸ்ட் போனால், எஞ்சின் அந்த நொடியில் இருந்த விசையிலேயே பூட்டிக்கொள்ளும். லீவரை அசைத்தால்தான் பூட்டு அவிழும். ‘மேப் நாட் அவெயில்’ என்ற சிவப்பு எழுத்தை இருவரும் வெறித்துக்கொண்டிருந்தால் வேகம் கைவிட்டுப் போகும். ஒருவர் பறக்கட்டும், மற்றவர் மட்டும் தலை குனிந்து வேலை பார்க்கட்டும்.

போகாதது எது என்று பாருங்கள். ஏ.டி.ஐ.ஆர்.எஸ் (வேகம், உயரம், திசை அளக்கும் அமைப்பு) தனிப் பெட்டி. ஹெடிங், உயரம், கிரவுண்ட் ஸ்பீடு, காற்று எல்லாம் திரையில் அப்படியே இருக்கும். எஃப்.சி.யூ.வில் (முன்கண்ணாடிக்குக் கீழுள்ள கட்டுப்பாட்டுப் பலகை) டிராக்–எஃப்.பி.ஏ பொத்தானை அழுத்தினால் ‘பறவை’ (விமானம் உண்மையில் போகும் திசையையும் சரிவையும் காட்டும் குறி) வந்துவிடும். கையால் ஓட்ட அதைவிட நல்ல துணை இல்லை.

அடுத்தது ரேடியோ. உடனே கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொல்லுங்கள்: ‘அனேபிள் ஆர்நேவ் டியூ எக்விப்மென்ட்’ (கருவிக் கோளாறால் கம்ப்யூட்டர் வழிநடத்தலில் பறக்க முடியாது). ஆட்டோபைலட்டும் இல்லாததால் ‘அனேபிள் ஆர்.வி.எஸ்.எம்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 29,000 அடிக்கு மேல் விமானங்களுக்கு இடையே ஆயிரம் அடி உயர இடைவெளியில் பறக்க (அதுதான் ஆர்.வி.எஸ்.எம்), உயரத்தைத் தானாகப் பிடிக்கும் கருவி கட்டாயம். கம்ப்யூட்டரை ரீசெட் செய்வதானால் க்யூ.ஆர்.எச் (கோளாறுகளுக்கான கையேடு) அட்டவணையில் உள்ளபடி மட்டும். சொந்தப் பரிசோதனை வேண்டாம்.

நடுக்கடலில் வி.ஓ.ஆர் (திசை காட்டும் தரை ரேடியோ நிலையம்) எட்டாது. 36,000 அடியில்கூடப் பார்வைக்கோட்டுக் கணக்கு சுமார் 230 கடல் மைலோடு முடிந்துவிடும். அந்த எல்லைக்குள் வரும்வரை பேரேடுதான், அதாவது தாளில் எழுதிப் போடும் கணக்கு. நம்மூர் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ரங்கூனுக்கும் பினாங்குக்கும் லேவாதேவிக்குப் போனவர்களைச் சுமந்த கப்பல்களும் இதே கடலைத் திசை, வேகம், நேரம் என்ற கணக்கில்தான் கடந்தன. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் ஃப்ளைட் பிளான் தாளில் எழுதுங்கள். அடுத்த புள்ளிக்கான டிராக், தூரம் அதிலேயே இருக்கிறது. கிரவுண்ட் ஸ்பீடு 480 நாட் என்றால் நிமிடத்துக்கு 8 மைல். 160 மைலுக்கு 20 நிமிடம். ஒவ்வொரு புள்ளியிலும் எரிபொருள் மீதியைத் தாளோடு ஒப்பிட்டு ஐந்தொகை போடுங்கள். அந்தக் கணக்கைப் போட்டுத்தர இப்போது கம்ப்யூட்டர் இல்லை. திசையில் ஒரு டிகிரி பிசகினால் 60 மைலில் ஒரு மைல் விலகல்.

கரை நெருங்கியதும் ஆர்.எம்.பி (ரேடியோ அலைவரிசை வைக்கும் பலகை) 1, 2 இரண்டிலும் மூடியைத் தூக்கி ‘நேவ்’ விசையை அழுத்தி, வி.ஓ.ஆர் அலைவரிசையையும் கோர்ஸையும் கையால் வையுங்கள். ஆர்.எம்.பி 3 இதற்கு உதவாது. பிறகு மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேளுங்கள். இந்தப் பத்து நொடியைத் தவறவிடுபவர்கள்தான் வேறு நிலையத்தின் முள்ளைப் பின்தொடர்கிறார்கள். கம்ப்யூட்டர் திரும்பி வந்தால் ‘நேவ்’ விசையை அணைக்க மறக்காதீர்கள். அணைக்காவிட்டால் கம்ப்யூட்டரால் ரேடியோவை டியூன் செய்ய முடியாது.

இடம் அறிய இரண்டு கோடுகள் போதும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி, திருச்சி விமான நிலையத்திலிருந்து சுமார் 175 டிகிரியில் 42 கடல் மைல். மதுரையிலிருந்து சுமார் 070 டிகிரியில் ஏறக்குறைய அதே 42. இரண்டு ரேடியலும் (நிலையத்திலிருந்து புறப்படும் திசைக்கோடு) கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டுவதால் பிழை குறைவு. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வந்தால் அந்தப் புள்ளியை நம்பாதீர்கள். டி.எம்.இ (நிலையத்துக்கான தூரத்தை அளக்கும் ரேடியோ கருவி) காட்டுவது சாய்வுத் தூரம் என்பதும் நினைவிருக்கட்டும்: 36,000 அடியில் நிலையத்துக்கு நேர் மேலே பறக்கும்போதுகூட 6 மைல் என்றுதான் காட்டும்.

ஸ்டாண்ட்பை காம்பஸ் (மாற்றுக் காந்தத் திசைகாட்டி) நம் பக்கத்தில் ஓரளவு நல்ல பிள்ளை. காந்த நடுக்கோடு அருகில் ஓடுவதால் (ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்ததும் அதனால்தான்) திருப்பத்தில் வரும் பிழை மிகக் குறைவு.

இறங்குவதற்கு மனக்கணக்கு. உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் எத்தனை மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்று தெரியும்: 35,000 அடிக்கு 105 மைல், வேகம் குறைக்க இன்னொரு 10. இறங்கும் வீதத்துக்குக் கிரவுண்ட் ஸ்பீடை ஐந்தால் பெருக்குங்கள்: 450 நாட்டுக்கு நிமிடத்துக்கு 2,250 அடி, 140 நாட்டுக்கு 700. ரேடார் வெக்டர் (ரேடாரில் பார்த்துக் கட்டுப்பாட்டு நிலையம் சொல்லும் திசை) கேளுங்கள், நீண்ட ஃபைனல் (ஓடுபாதைக்கு நேரான கடைசிக் கட்டம்) கேளுங்கள். ஐ.எல்.எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ) அலைவரிசையையும் ஆர்.எம்.பி.யில்தான் வைக்க வேண்டும். அதைக் கடலிலிருந்து கரை ஏறும்போதே சார்ட்டைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஃபைனலில் தேடாதீர்கள்.

ஒரு எஃப்.எம்.ஜி.சி மட்டும் போனால் இவ்வளவு பாடு இல்லை. மற்றது பொறுப்பேற்கும், இருவரின் திரையிலும் ரேஞ்சும் (தூர அளவு) மோடும் (காட்சி வகை) ஒன்றாக இருந்தால் மேப் திரும்பிவிடும்.