டிவியில் ஒருவர் ‘விற்றுவிடு’ என்கிறார், இன்னொருவர் ‘வாங்கு’ என்கிறார். யாரை நம்புவது?

கேள்வி: ஐயா, நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். வயது 47. நான்கு வருடமாக மாதம் 12,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபியாக (மாதத் தவணை முதலீடாக) போகிறது. 2024 செப்டம்பரில் 7.3 லட்சம் காட்டியது. அதற்குப் பிறகு ஆறு தவணை கட்டியும் 2025 மார்ச்சில் 6.9 லட்சம்தான் இருக்கிறது. டிவியில் சொன்னதைக் கேட்டு வாங்கிய நான்கு பங்குகள் 2.6 லட்சத்திலிருந்து 1.7 லட்சத்துக்கு வந்துவிட்டன. கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைமும் நின்றுவிட்டது. மகள் காட்பாடியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஜூலையில் 1.5 லட்சம் ஃபீஸ் கட்ட வேண்டும், அடுத்த வருடமும் அதே தொகை. காலையில் ஒரு சேனலில், “இன்னும் விழும், எல்லாவற்றையும் விற்றுக் காசாக வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் ஒருவர். ராத்திரி இன்னொரு சேனலில், “இதுதான் வாங்கும் நேரம், எஸ்ஐபியை இரட்டிப்பாக்குங்கள்” என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் பெரிய ஆட்கள். யாரை நம்புவது? (பெயர் வேண்டாம், ஆம்பூர்)

பதில்: இரண்டு பேரில் ஒருவர் சொன்னது எப்படியும் பலித்துவிடும். ஆனால் பலித்துவிட்டது என்பதற்காக அவர் நம்பத் தகுந்தவர் ஆகிவிட மாட்டார். இது புரிந்துவிட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். அதனால் ஒரே மனிதர் ஒரே வருடத்தில் சொன்ன இரண்டு விஷயங்களை முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவின் சிஎன்பிசி சேனலில் ஜிம் கிராமர் என்பவர் மிகப் பிரபலம். 2008 மார்ச் 11 அன்று அவருடைய நிகழ்ச்சியில் ஒரு நேயரின் கேள்வி வந்தது. பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியில் இருக்கும் என் பணத்தை எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. கிராமர் குரலை உயர்த்தி, எடுக்கவே எடுக்காதீர்கள், அந்தக் கம்பெனி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அன்று அதன் பங்கு 60 டாலருக்கு மேல் இருந்தது. ஐந்தே நாளில், மார்ச் 16 அன்று, பங்குக்கு 2 டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்க ஜேபி மார்கன் வங்கி ஒப்புக்கொண்டது. பிறகு அது 10 டாலராக உயர்த்தப்பட்டது. கிராமர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நான் சொன்னது அங்கே கணக்கு வைத்திருப்பவர்களின் பணத்தைப் பற்றி, பங்கைப் பற்றி அல்ல என்றார் அவர். கணக்கு வைத்திருந்தவர்களின் பணத்துக்கு ஆபத்து வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்து, கையில் அந்தப் பங்கை வைத்திருந்த ஒருவருக்கு எது காதில் விழுந்திருக்கும்?

அதே ஆண்டு அக்டோபர் 6. அதே கிராமர் வேறொரு காலை நிகழ்ச்சியில், அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம் எதுவாக இருந்தாலும் பங்குச் சந்தையிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள் என்றார். அன்று அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ்&பி 500 குறியீடு 1,050 சுற்றி இருந்தது. 2009 மார்ச் 9 அன்று 676க்கு வந்தது. ஆகா, என்ன தீர்க்கதரிசனம் என்று தோன்றும். ஆனால் அவர் சொன்ன ஐந்து வருடம் முடிந்த 2013 அக்டோபரில் அதே குறியீடு 1,650ஐத் தாண்டி இருந்தது. பயந்து முழுவதையும் விற்று வெளியிலேயே நின்றவர்கள் அந்த ஏற்றத்தை இழந்தார்கள்.

அப்படியானால் கிராமர் சொன்னது சரியா, தவறா? அவர் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கக் கூடாது என்பது எந்தக் காலத்திலும் நல்ல அறிவுரை. அதைச் சந்தை விழுந்த பிறகு, பதற்றத்தோடு சொன்னதுதான் கோளாறு. அதனால் ஆளைப் பார்த்து மட்டும் எடை போட்டுவிட முடியாது. சொன்ன வாக்கியத்தைத் தனியாக எடுத்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் தொழிலில் இந்தப் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ ஒரு தோல் ஏஜென்ட் “மார்க்கெட் டல்லா இருக்கு சார்” என்றால், அவர் வாங்க வந்தவரா விற்க வந்தவரா என்றுதான் முதலில் பார்ப்பீர்கள். டிவியில் பேசுபவரிடமும் அதையே பாருங்கள். புரோக்கிங் நிறுவனத்து ஆள் என்றால், நீங்கள் வாங்கினாலும் விற்றாலும் அந்த நிறுவனத்துக்குத் தரகு உண்டு. சும்மா இருப்பதில் மட்டும்தான் அவர்களுக்கு வருமானம் இல்லை. ஃபண்டு நிறுவனத்து ஆள் என்றால், நீங்கள் பணத்தை எடுக்காமல் இருக்க வேண்டும். சேனலுக்கோ நீங்கள் ரிமோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும், அதற்குச் சிவப்பு எழுத்தும் பரபரப்பும் உதவும். இதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது தெரிந்துகொண்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவன், ஃபண்டு விற்றுக் கமிஷன் வாங்குவதில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொண்டே என் பதிலைப் படியுங்கள்.

சாய்வு என்பதைத் தாண்டி நேரடி மோசடியும் நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு இந்தி வணிகச் சேனலின் தொகுப்பாளர் தன் நிகழ்ச்சியில் பரிந்துரைத்த பங்குகள், நிகழ்ச்சிக்கு முன்பே அவர் மனைவி, தாயார் கணக்குகளில் வாங்கப்பட்டிருந்தன என்பது குற்றச்சாட்டு. 2.95 கோடி ரூபாயை முடக்கினார்கள். 2024 பிப்ரவரியில் இன்னொரு உத்தரவு வந்தது. வேறொரு சேனலுக்கு விருந்தினராக வந்த நிபுணர்கள் சிலர், என்ன பரிந்துரைக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சிலருக்குச் சொல்லி, அந்த ஆட்கள் வாங்கிவைத்து, நிகழ்ச்சி முடிந்து விலை ஏறியதும் விற்றுவிட்டார்கள் என்றது செபி. முடக்கிய தொகை 7.41 கோடி. அந்த ஏற்றத்தில் யார் வாங்கியிருப்பார்கள்? நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஆப்பைத் திறந்த உங்களைப் போன்றவர்கள்தான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, நேர்மையான நிபுணர் என்றே வைத்துக்கொள்வோம். நேயர் கேள்வி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் போனில் வருகிறார். “என்கிட்ட ஒரு பங்கு 200 இருக்கு, 640ல வாங்கினேன், என்ன செய்யலாம்?” நிபுணர் சார்ட்டைப் பார்க்கிறார். “ஹோல்ட் பண்ணுங்க, ஸ்டாப் லாஸ் 580, டார்கெட் 720.” அதாவது வைத்திருங்கள், 580க்கு இறங்கினால் விற்றுவிடுங்கள், 720 வரை போகும் என்கிறார். அடுத்த அழைப்பு. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கேட்டவரின் வயது தெரியாது. அந்த 1.28 லட்சம் அவர் சொத்தில் பத்தில் ஒரு பங்கா, முழுவதுமா, நகைக் கடனில் எடுத்ததா, எதுவும் தெரியாது. 580க்கு வந்து விற்ற பிறகு பங்கு 700 போனால், ஸ்டாப் லாஸ் சொன்னேனே என்பார். 720 வந்தால் அடுத்த வாரம் திரையில் “நாங்கள் சொன்னோம்” என்று வரும். இரண்டு பக்கமும் அவருக்கு வழி இருக்கிறது, கேட்டவருக்கு ஒரு பக்கமும் இல்லை.

அதனால் ஒரு பழைய நோட்டை எடுங்கள். நீங்கள் பார்க்கும் இரண்டு பேர் சொல்வதையும் எழுதிவையுங்கள். தேதி, பங்கு அல்லது குறியீடு, அன்றைய விலை, எவ்வளவு நாளுக்குள் எங்கே போகும் என்றார், எது நடந்தால் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வார். கடைசிக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அதுவே ஒரு தகவல். “குறுகிய காலத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும், நீண்ட காலத்தில் நன்றாக இருக்கும்” என்பதை யாராலும் பொய்யாக்க முடியாது, அதனால் அதை வைத்து ஒரு ரூபாய்கூட நகர்த்த முடியாது. மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து, நம் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியோடு ஒப்பிடுங்கள். அவர் சொன்ன பங்கு 8 சதவீதம் ஏறியது, நிஃப்டி 12 சதவீதம் ஏறியது என்றால் அவரால் உங்களுக்கு லாபம் இல்லை, நஷ்டம்தான்.

காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் யூடியூபில் பின்னோக்கிப் போங்கள். 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்த வாரம் இதே மனிதர்கள் என்ன சொன்னார்கள்? அதே வருடம் நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் திரும்பத் தொட்டுவிட்டது. அப்புறம் 2024 செப்டம்பர் 27, நிஃப்டி 26,277 என்ற உச்சத்தில் இருந்த நேரம். “இன்னும் விழும்” என்பவர் அன்று எச்சரித்தாரா, அல்லது 2025 மார்ச் 4இல் 22,082க்கு வந்த பிறகு ஞானம் பிறந்ததா? எச்சரித்திருந்தாலும், 2021இலிருந்து ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லி வந்தாரா என்றும் பாருங்கள். ஏறும், இறங்கும் என்று 1,000 பேர் வருடத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், ஐந்து வருடம் கழித்து ஐந்தும் சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 பேர் இருப்பார்கள். அதில் ஒருவரைத்தான் டிவியில் உட்கார வைப்பார்கள். பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 284 நிபுணர்களின் கணிப்புகளை இருபது ஆண்டுகள் தொகுத்துப் பார்த்தார். அரசியல், பொருளாதாரம் பற்றிய அந்தக் கணிப்புகளில், ஊடகங்களில் அதிகம் தேடப்பட்டவர்களே மற்றவர்களைவிட அதிகம் பிசகினார்கள்.

டிவியில் பேசுபவரின் செபி பதிவு எண்ணையும் பாருங்கள். பங்கு ஆய்வாளருக்கு ஐஎன்ஹெச், முதலீட்டு ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். செபி இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். பதிவு இருந்தால் அவர் சொன்னது பலிக்கும் என்பதில்லை, தப்பு செய்தால் பிடிக்க ஒரு பிடி இருக்கிறது என்பதுதான் பயன். பதிவு பெற்ற ஆய்வாளர் தான் பரிந்துரைக்கும் பங்கை 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் தன் கணக்கில் வாங்கி விற்கக் கூடாது என்பது விதி. “நான் பாடம்தான் நடத்துகிறேன்” என்பவர்கள், குறைந்தது மூன்று மாதம் பழைய விலையைத்தான் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் செபி சொன்னது. இன்றைய விலையைக் காட்டிப் பாடம் நடத்துபவரை அப்போதே நிறுத்திவிடலாம்.

டிவியை மூடிவிடச் சொல்லவில்லை. காலாண்டு முடிவையோ ரிசர்வ் வங்கி அறிவிப்பையோ கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று விளக்குபவர்கள் இருக்கிறார்கள். “தெரியவில்லை” என்று சொல்லக் கூச்சப்படாதவர்கள், “இது உங்களுக்கு எல்லாம் பொருந்தாது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், அறிவு வளரும்.

இப்போது உங்கள் பணம். “எல்லாவற்றையும் விற்று” என்பவருக்கு உங்கள் மகளின் ஃபீஸ் தேதி தெரியாது. “இரட்டிப்பாக்கு” என்பவருக்கு உங்கள் ஓவர்டைம் நின்றது தெரியாது. டிவி பேச்சை நம்பி வாங்கிய நான்கு பங்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அந்த நிபுணர் பெயரைச் சொல்லாமல் ஏன் வைத்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை விற்றுவிடுங்கள், அடக்க விலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கையுமே விற்க நேர்ந்தால் வரும் 1.7 லட்சத்தில் ஜூலை ஃபீஸ் முடிந்துவிடும், மிச்சம் 20,000 அவசரத்துக்கு வங்கியில் இருக்கட்டும். அடுத்த மாதம் முதல் ஒரு வருடத்துக்கு எஸ்ஐபியை நிறுத்திவைத்து அந்த 12,000த்தை வங்கி ஆர்டியில் (மாதத் தவணைச் சேமிப்பில்) போடுங்கள். 6.5 சதவீத வட்டி கிடைத்தாலே ஏறக்குறைய 1.49 லட்சம் சேர்ந்துவிடும், அதுதான் கடைசி வருட ஃபீஸ். சந்தை மலிவாக இருக்கும்போது எஸ்ஐபியை நிறுத்துவதா என்று ராத்திரி நிபுணர் கேட்பார். ஃபண்டில் இருக்கும் 6.9 லட்சத்தை நாம் தொடவில்லை. சந்தை எழுந்தால் அதுவும் எழும். நீங்கள் ஓய்வு பெற இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருப்பதால் அது காத்திருக்கலாம், ஃபீஸ் காத்திருக்காது. பங்கில் வந்த நஷ்டத்தை வருமான வரி ரிட்டர்னில் கெடு தேதிக்குள் காட்டினால், பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழிக்க எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். குறுகிய கால நஷ்டமா நீண்ட கால நஷ்டமா என்பதைப் பொறுத்து எதில் கழிக்கலாம் என்பது மாறும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பங்கை விற்றுக் கையில் காசு வந்த வாரத்தில்தான் “சந்தை எல்லாம் சூதாட்டம், எங்களிடம் போடுங்கள், மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்” என்று ஒருவர் வருவார். நம் வட ஆற்காட்டுப் பக்கம் சில வருடங்களுக்கு முன் அப்படிப் போட்ட குடும்பங்கள் போலீசில் புகார் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கின்றன. டிவி நிபுணரை நம்பி உங்களுக்கு வந்த நஷ்டம் 90,000. இங்கே போனால் முதலே போய்விடும். வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும், செபி அல்லது ரிசர்வ் வங்கிப் பதிவு எண்ணைக் கேட்டு, அதை அந்தந்த இணையதளத்தில் சரிபார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.